கழுத்துள்ளோர் மனம் புண்பட்ட வழக்கு

கழுத்து என்பது தலையும் உடம்பும் பிரிந்து போகாமல் இருக்க வைத்த ஒரு சாதாரண ஏற்பாடு என்றுதான் கறையக்கா அதுவரை நினைத்திருந்தாள். அதற்கு மானம் உண்டு, ரோஷம் உண்டு, அது புண்பட்டால் போய் முறையிட நான்கு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு என்பதெல்லாம் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் அவளுக்குத் தெரியவந்தது.

கறையக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவள் சலவைக்கடைக்காரி. துணியில் பட்ட கறையை எப்படிப் போக்குவது என்று வீடியோ போடுவாள். தேநீர்க் கறை, மைக் கறை, துரு, கிரீஸ், உதட்டுச்சாயம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் பார்வையாளர்கள் அதிகம், அதிலும் ஆண்கள். நான்கு லட்சம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். பெயர் வைத்தது அவர்கள்.

போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது அவள் வீட்டுக்காரர். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும் வரும். “மேடம், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க.” “மேடம், அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு, மெதுவாத் தேய்ங்க.” வீட்டில் ஒருநாளும் மேடம் என்று கூப்பிட்டவர் இல்லை. போனை எடுத்தால் மட்டும் மரியாதை வந்துவிடும்.

அவர் போய் பதினோரு மாதம் ஆகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர், மீதியைத் தூக்கவில்லை.

அடுத்த மாதமே அவருடைய போனும் போயிற்று. சலவைக்கடைக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய மரணம் அது. பதினைந்து வருடமாக ஊரார் சட்டைப்பைகளை எல்லாம் துழாவி, சாவி, சீட்டு, காதல் கடிதம் என்று எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவள், வீட்டுக்காரருடைய வேலைச்சட்டைப் பையை மட்டும் துழாவவில்லை. நம்ம வீட்டுத் துணிதானே என்று அப்படியே மெஷினில் போட்டுவிட்டாள். நாற்பது நிமிடம் வெந்நீரில் சுழன்று சுத்தமாக வெளியே வந்தது போன். அதிலிருந்த எல்லாமும் சுத்தமாகியிருந்தது.

ஆகவே அவருடைய குரல் இப்போது உலகத்தில் இருப்பது ஒரே இடத்தில்தான்: கறையக்காவின் கணக்கில், இருநூற்றுப் பதினொரு வீடியோக்களில். காலையில் சோப்புத்தூள் கரைக்கும்போது ஒன்று, மத்தியானம் சாப்பிடும்போது ஒன்று என்று போட்டுக் கேட்டுக்கொள்வாள். அவர் வாங்கி வைத்துவிட்டுப்போன சோப்புத்தூள் மூட்டைகள்கூடத் தீர்ந்துபோயின. இது தீராது என்று ஒரு நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை, இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோ ஒன்றை ஒருவர் தோண்டி எடுத்தார். காலர் அழுக்கு பற்றியது. மூன்றாவது நிமிடத்தில் அவள் காலரைத் தேய்த்தபடி, “எவ்வளவு தேய்ச்சாலும் மறுபடி மறுபடி வருதே, என்னதான் பண்றது?” என்கிறாள். பின்னாலிருந்து குரல் சொல்கிறது: “அழுக்கு சட்டையில இல்ல மேடம், கழுத்துல இருக்கு.”

தோண்டியவர் தன் கணக்குக்குக் கழுத்துக்காவலன் என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஆறு விநாடியை மெதுவாக ஓடவிட்டு, காலரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் வயலின் அழ, “கழுத்துள்ள அனைவரையும் இழிவுபடுத்தும் கறையக்கா” என்று வெளியிட்டார்.

கழுத்துள்ளவர்கள் எவ்வளவு பேர் என்பது அன்றுதான் தெரிந்தது.

“என் தாத்தாவுக்கும் கழுத்து இருந்தது. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறாயா?” என்று ஒருவர் கேட்டார். “நான் இன்னும் வீடியோவைப் பார்க்கவில்லை. ஆனாலும் தாங்க முடியவில்லை” என்றார் இன்னொருவர். யாரோ ஒரு கல்லூரி மாணவன் கிண்டலுக்கு, “ஒட்டகச்சிவிங்கிகள் இதைப் பார்த்தால் என்ன பாடுபடும்?” என்று எழுத, ஒன்பதாயிரம் பேர் அதைக் கண்ணீரோடு ஆமோதித்தார்கள். அவள் பக்கம் பேச வந்தவர்கள் சும்மா இருந்திருக்கலாம். “கழுத்தில் அழுக்கு இருப்பவனுக்குத்தான் கோபம் வரும்” என்று எழுதி, எரிகிற வீட்டில் ஆளுக்கு ஒரு கை எண்ணெய் ஊற்றினார்கள்.

மாலைக்குள் ஒரு கடிதம் வந்தது.

“வணக்கம். உங்கள் கணக்கு உறையவைக்கப்பட்டுள்ளது. பதினான்கு நாட்களுக்குள் உரிய தரத்தில் மன்னிப்பு சமர்ப்பிக்கப்படாவிட்டால் கணக்கும் அதிலுள்ள அனைத்துக் காணொளிகளும் நிரந்தரமாக நீக்கப்படும். இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும். இப்படிக்கு, மனப்புண் தீர்வு மையம்.”

கறையக்கா அதை நான்கு முறை படித்தாள். பிறகு வீடியோ ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கட்டம்தான் வந்தது.

இஸ்திரி மேசையருகே நின்றிருந்தாள் நாத்தனார், போனவருடைய ஒரே தங்கை. எதையும் சூடாகவே வைத்திருப்பவள், வாய் உட்பட.

“என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்டி.”

“எதை?”

“உங்க அண்ணன் குரலை.”

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். “இனிய நாளாமே இனிய நாள். எழுதினவன் கையில கொள்ளிக்கட்டைய வைக்க. கிளம்பு.”

“எங்க?”

“மன்னிப்பு கேக்கத்தான். கால்ல விழணும்னா விழு. நான் வேணா பிடிச்சுக்கறேன்.”

மனப்புண் தீர்வு மையத்தின் வரவேற்பறை பளிங்குபோல் இருந்தது. வரவேற்பாளர் தலை நிமிராமல் கேட்டார்: “புண்பட்டவரா, புண்படுத்தினவரா?”

“நான் சலவைக்கடை…”

“அது இல்லம்மா. பட்டவங்க வலப்பக்கம். படுத்தினவங்க இடப்பக்கம்.”

வலப்பக்கம் சோபா, குளிர்ந்த காற்று, தண்ணீர், முகம் துடைக்க மெல்லிய காகிதம். இடப்பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஒரு கால் மற்றவற்றைவிடக் குட்டை. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்து, இப்போதே குற்றவாளிகளைப்போலத் தெரிந்தார்கள்.

இரண்டு நாள் சாய்ந்தபிறகு அவளை மன்னிப்புப் பயிற்றுநரிடம் அனுப்பினார்கள். அவர் கழுத்தில் ஒரு விநாடிமானி தொங்கியது.

“ஒரு தடவை கேட்டுக் காட்டுங்க, பார்ப்போம்” என்றார்.

கறையக்கா கைகூப்பினாள். “தெரியாமச் சொல்லிட்டேங்க. யாரையும் நோகடிக்கணும்னு இல்ல. மன்னிச்சிடுங்க.”

பயிற்றுநர் விநாடிமானியை நிறுத்தினார். முகம் சுளித்தது.

“இது என்னம்மா, உண்மையா கேக்கறீங்க?”

“ஆமாங்க.”

“அதை எங்களால ஏத்துக்க முடியாதும்மா. உண்மையா கேக்கறதுக்கு அளவுகோல் கிடையாது. நாளைக்கு எவனாவது வந்து, இது எத்தனை மார்க்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எங்க மன்னிப்புக்கு ஒரு தரம் இருக்கு. மொதல்ல பெருமூச்சு. அப்புறம் கீழ பார்க்கணும். நாலாவது விநாடி நிமிர்ந்து கேமராவைப் பார்க்கணும். ஒன்பதாவது விநாடி குரல் உடையணும். கண்ணீர் பதினொண்ணுல. முன்னாடி வந்தா நடிப்பு. பின்னாடி வந்தா திமிர்.”

“வரவே இல்லன்னா?”

“அதுக்குப் பக்கத்து அறையில ஒரு மேடம் இருக்காங்க.”

பக்கத்து அறை மேடம் ஒப்பனைக்காரி. ஒப்பனையே இல்லாத முகம்போல ஒப்பனை செய்வது அவள் வேலை. கறையக்காவின் சொந்த முகத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம் தீட்டினாள். அங்கே ஏற்கெனவே கருவளையம் இருந்தது. “இது சரிப்படாதுக்கா, ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்ல” என்று அதை அழித்துவிட்டு வேறு போட்டாள்.

முதல் மன்னிப்பு நிராகரிக்கப்பட்டது: உடை இஸ்திரி போட்டிருந்தது, கர்வம் தெரிகிறது. நாத்தனார் அன்றைக்குத்தான் ஆசையாக மடிப்புக் கலையாமல் போட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டாவது மன்னிப்பு நிராகரிக்கப்பட்டது: தரையில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வசதியாக உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது: கண்ணீர் இடது கண்ணில் மட்டும். நான்காவது: மன்னிப்பு கேட்பவர் நடுவில் மூக்கை உறிஞ்சியதால் சளி பிடித்தவர்களின் மனம் புண்பட வாய்ப்புள்ளது.

“நாள் ஒன்பது ஆச்சு அண்ணி” என்றாள் நாத்தனார். “இவங்க தூக்குப் போடறதுக்கே கயிறை மூணு தடவை அளப்பாங்க போல.”

கறையக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மத்தியானம் ஆனால் பழக்கத்தில் கை போனைத் தட்டும். சாம்பல் கட்டம் வரும். அவர் “மேடம்” என்று சொல்வதை மனசுக்குள் சொல்லிப்பார்ப்பாள். ஒன்பதாவது நாள் அந்த மேடத்தில் ‘மே’ கொஞ்சம் நீளமா, கொஞ்சம் குட்டையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் ஒருவிதமாகச் சொன்னாள். அது இல்லை. இவள் ஒருவிதமாகச் சொன்னாள். அதுவும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது மன்னிப்பு அற்புதமாக அமைந்தது. பதினொன்றாவது விநாடியில் இரண்டு கண்ணிலிருந்தும் சம அளவில் நீர் வந்தது. பயிற்றுநர் விநாடிமானியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மன்னிப்பை நான் பார்த்ததில்லம்மா. வகுப்புல போட்டுக் காட்டுவேன்” என்று சொல்லி, மேல்மாடிக்கு அனுப்பினார். மையம் தொடங்கியே நான்கு வருடம்தான் ஆகிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மேல்மாடியில் குரல் ஆய்வாளர் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஆறு விநாடியைக் கேட்டார். பிறகு கறையக்காவின் மன்னிப்பைக் கேட்டார். மறுபடி ஆறு விநாடியைக் கேட்டார்.

“புண்படுத்தின குரல் உங்களோடது இல்லையே.”

அவள் அதற்குத்தான் பதினோரு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். “என்னோடதுதாங்க. அன்னிக்கு சளி பிடிச்சிருந்துச்சு.”

“ஆம்பளைக் குரல்மா.”

“ரொம்பச் சளி.”

ஆய்வாளர் கருவியைக் கழற்றினார். “தான் செய்யாத குத்தத்துக்கு மன்னிப்பு கேக்கறது போலி மன்னிப்பு. அது தனிப் பிரிவு. பேசினவரை நேர்ல வரச் சொல்லுங்க.”

“அவர் இறந்துட்டாருங்க.”

“எப்ப வர முடியும்?”

“இறந்துட்டாருங்க.”

“புரியுது. இறந்ததை நான் தப்புன்னு சொல்லலையே. வராததுக்கு அனுமதிச்ச காரணங்கள்ல அது இல்லன்னுதான் சொல்றேன். வெளியூர்ப் பயணம் இருக்கு, பிரசவம் இருக்கு.” கறையக்கா இறப்புச் சான்றிதழை நீட்டினாள். எந்நேரமும் பையில் வைத்திருந்தாள். ஊரில் அதைக் கேட்காத அலுவலகம் இல்லை. அவர் தேதியைப் பார்த்தார். “பதினோரு மாசம்தான் ஆகுது. பேச்சு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஆக, உயிரோட இருக்கும்போது சொன்னதுதானே?”

“செத்தப்புறம் எப்படிய்யா சொல்லுவாரு?” என்றாள் வாசலில் நின்ற நாத்தனார்.

“அதைத்தான்மா நானும் சொல்றேன்” என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர். விவகாரம் இயக்குநரிடம் போயிற்று.

பன்னிரண்டாவது நாள் விசாரணை. நீண்ட மேசை. ஒரு முனையில் இயக்குநர், வலது கையை நெஞ்சில் வைத்தபடி. எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பாராம். கையெழுத்து இடது கையில் போடப் பழகிவிட்டாராம். எதிரில் கழுத்துக்காவலன். கறையக்கா ஒரு ராட்சசனை எதிர்பார்த்திருந்தாள். வந்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் விற்பனையாளர், ஒல்லி, அவளைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார்.

“தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்லக்கா” என்றார் மெதுவாக. “உங்க வீடியோ எல்லாம் எங்கம்மா விரும்பிப் பார்ப்பாங்க. நான் மூணு வருஷமா கண்ணாடியைப் பத்தி வீடியோ போட்டேன், நாப்பது பேர் பார்த்தாங்க. கழுத்துன்னு ஒண்ணு போட்டேன், எட்டு லட்சம். நீங்களே சொல்லுங்க, நான் புண்படாம என்ன செய்ய?” பிறகு இன்னும் மெதுவாக, “இந்தச் சட்டையில பேனா கசிஞ்சிருச்சுக்கா. என்ன பண்ணலாம்?”

“உடனே தண்ணில நனைச்சிடாதீங்க. பரவிடும்” என்றாள் கறையக்கா, அவளை அறியாமல். “பழந்துணியை அடியில வச்சு, மேல ஸ்பிரிட்ட ஒத்தி ஒத்தி எடுங்க.”

“நீ வேற” என்று நாத்தனார் அவள் தோளில் இடித்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல யாருக்கும் மனசு புண்படத் தெரியாது. கோவம் வந்தா திட்டுவாங்க. அரை மணி நேரத்துல மறந்துட்டு சேர்ந்து தேநீர் குடிப்பாங்க. அந்த அநாகரிகத்தை மாத்தினது நாங்க. முதல் வருஷம் நாப்பது பேர்தான் வந்தாங்க. அதுலயும் முப்பது பேர் வழி கேட்டு வந்தவங்க. நாங்க சோர்ந்து போகலை. தெருத்தெருவா போய், உங்களுக்கு என்னென்ன நோகலாம்னு சொல்லிக் கொடுத்தோம். போன வருஷம் மூணு லட்சம் மனப்புண். இந்த வருஷ இலக்கு அஞ்சு லட்சம். இதுவரைக்கும் வந்ததுல ஒரு புண்ணைக்கூட நாங்க ஆறவிட்டதில்ல. ஆறிட்டா அது எங்க கணக்குல இருந்து கழிஞ்சிடும். அம்மா, நாங்க யாரையும் தண்டிக்கறதில்ல. பராமரிக்கிறோம், அவ்வளவுதான்.”

கழுத்துக்காவலன் கைதட்டினார். தான் மட்டும் தட்டுவது தெரிந்ததும் அதையே கொசு அடிப்பதுபோல் முடித்துக்கொண்டார்.

தீர்ப்பு கருணை மிக்கதாக இருந்தது. புண்படுத்தியது இன்னார் குரல் என்று நிரூபணமாகிவிட்டது. கறையக்கா கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே. அவள்மீது தவறேதும் இல்லை. கணக்கு அவளுக்கே திரும்பக் கிடைக்கும். வீடியோ ஒன்றும் நீக்கப்படாது.

கறையக்கா எழுந்து கும்பிட்டாள்.

“அந்தக் குரல் வர்ற இடத்துல எல்லாம் மௌனம் பொருத்திடுவோம்” என்று முடித்தார் இயக்குநர். “இருநூத்திப் பதினொண்ணுலயும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, மாத்திப் பண்ணிடுங்க. என் குரலை எடுத்திடுங்க. என் முகத்தையும் எடுத்திடுங்க. வெறும் கறுப்பா இருக்கட்டும். அவரை மட்டும் விட்டுடுங்க.”

“நீங்க யாரையும் புண்படுத்தலையேம்மா. உங்களை எப்படி எடுக்கறது? அநியாயம் இல்லையா?”

“அப்ப எனக்கு ஒரு பிரதியாவது… நான் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன். கடைக்குள்ளகூட இல்ல, நான் மட்டும் காதுல வச்சுக் கேட்டுக்கறேன்.”

“ஆதாரப் பிரதி புண்பட்டவருக்கு மட்டும்தான். அவரோட உரிமை அது. எப்ப வேணா போட்டுக் கேட்டு மறுபடி புண்படலாம். வாழ்நாள் முழுக்க.” இயக்குநர் நெஞ்சிலிருந்த கையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். “அவருக்குள்ள வசதி அது. உங்களுக்கு எதுக்கும்மா?”

வராந்தாவில் கழுத்துக்காவலன் கையெழுத்துப் போட்டு ஒரு சின்ன பென்டிரைவை வாங்கிக்கொண்டிருந்தார். கறையக்கா அதையே பார்த்தாள்.

“அதுல இருக்காரா?”

“இருக்காருக்கா. நல்லாத் தெளிவா இருக்காரு.”

“ஒரே ஒரு தடவை போடுங்க தம்பி.”

அவர் தர்மசங்கடப்பட்டார். நல்லவர்தான், ஆனால் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வகை. “புண்பட்டவரைத் தவிர யாரும் கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்குக்கா. நான் புண்பட்டதே ரத்தாகிடும்.”

“எல்லா வீடியோவும் குடுத்திருக்காங்களா?”

“இல்லக்கா, நான் ஒண்ணுலதானே புண்பட்டேன்?” என்றார் அவர். “ஒரு வீடியோவுக்கு ஒரு புகார், ஒரு புகாருக்கு ஒரு பிரதி. இருநூறுல யாரு புண்பட முடியும்? உடம்பு தாங்குமா?”

கறையக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாத்தனாரின் கையைப் பிடித்தாள். இருவரும் படியிறங்கி வரவேற்பறைக்கு வந்தார்கள்.

“புண்பட்டவரா, புண்படுத்தினவரா?” என்றார் வரவேற்பாளர்.

“புண்பட்டவ” என்றாள் கறையக்கா.

வலப்பக்கத்து எழுத்தருக்கு இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மௌனம் பொருத்திய காணொளியில் புண்பட இடமில்லை. அதற்கு முன்னால் தாராளமாகப் படலாம். கணக்கு வைத்திருப்பவர் புண்படக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர் இன்னும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “ஆனா பேசினவர் உங்க வீட்டுக்காரர். உறவுக்காரங்க புண்படலாமான்னு பார்க்கணும்.”

“உறவுக்காரங்கதான்யா மொதல்ல புண்படுவாங்க” என்றாள் நாத்தனார். “அதுக்கப்புறம்தான் மத்தவங்களுக்கு மீதி.”

எழுத்தர் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

புதன் மத்தியானத்திலிருந்து வெள்ளி நான்கு மணிவரை இருந்தது. கடையைப் பூட்டி, “துணி வெள்ளிக்கிழமைக்கு மேல்” என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டு வந்தார்கள். வீடியோக்கள் உறைந்திருந்ததால் பார்த்து எழுத வழியில்லை. தேவையும் இல்லை. அவளுக்கு எல்லாமே மனப்பாடம். குரலின் ஏற்ற இறக்கம்தான் நழுவிக்கொண்டிருந்ததே தவிர, சொல்லும் நிமிடமும் அப்படியே இருந்தன.

“காணொளி?”

“துருக்கறை. எலுமிச்சம்பழம் வச்சு.”

“எத்தனையாவது நிமிடம்?”

“நாலு.”

“என்ன சொன்னார்?”

“‘மேடம், கையில வெட்டுக்காயம் இருக்கு, எரியும், உறை போட்டுக்கங்க.’”

எழுத்தர் எழுதினார். “எப்படிப் புண்பட்டது?”

கறையக்கா யோசித்தாள். “இப்ப யாரும் சொல்றதில்ல.”

“கண்டிப்புத் தொனி” என்று எழுதிக்கொண்டார் எழுத்தர். முத்திரை விழுந்தது. “அடுத்தது.”

“கிரீஸ் கறை. ஒண்ணாவது நிமிடம். ‘மேடம், சாப்பிட்டீங்களா? இல்ல, வீடியோ முடிஞ்சப்புறமா?’”

“தனிப்பட்ட விவரத்தைப் பொதுவெளியில் கேட்டல்” என்றார் எழுத்தர். முத்திரை.

அடுத்த மேசையில் நாத்தனார் வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “‘என் தங்கச்சி இஸ்திரி போட்டா, சட்டை பயந்துபோய்த் தானே மடிஞ்சுக்கும்.’ எழுதுங்க. என்னை, நாலு லட்சம் பேர் முன்னாடி! இதை நான் அன்னிக்கே அவன்கிட்ட கேட்டிருக்கணும். நாளைக்குக் கேக்கலாம்னு விட்டேன்.” அவள் குரல் உச்சத்தில் போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்த மேசை எழுத்தர் மெல்லிய காகிதத்தை நகர்த்தினார். அவள் அதில் மூக்கைச் சிந்தி, “எழுதுய்யா” என்றாள்.

வியாழன் மாலை இயக்குநரே இறங்கி வந்து பார்த்தார். ஒரே குடும்பத்தில் நூற்று நாற்பது மனப்புண் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கை நெஞ்சிலிருந்து தானாக இறங்கிவிட்டது. இப்படி நாலாயிரம் குடும்பம் கிடைத்தால் வருட இலக்கே முடிந்துவிடும் போலிருந்தது. “இவங்களுக்குத் தேநீர் குடுங்க” என்று உத்தரவிட்டார். “இந்த மாதிரி ஒரு வெறுப்பை நான் பார்த்ததே இல்ல. மனுஷன் அப்படி என்னதான் பண்ணாரோ.” ஆய்வாளர் வந்து எட்டிப் பார்த்தார். பயிற்றுநர் தன் வகுப்பையே கூட்டிவந்து, தூரத்தில் நிறுத்தி, “பாருங்க, இதுதான் உண்மையா புண்படறது” என்று காட்டினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றரைக்கு இருநூற்று ஆறு. கறையக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்னால் ஒரு அட்டைப்பெட்டியில் பென்டிரைவ்கள், சட்டைப்பொத்தான்களைப்போலக் குவிந்து கிடந்தன. அவள் ஒரு கையை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தாள்.

மூன்று ஐம்பத்தி இரண்டுக்கு இருநூற்றுப் பத்து.

“அடுத்தது” என்றார் எழுத்தர்.

“உதட்டுச்சாயம். ரெண்டாவது பகுதி.”

“எத்தனையாவது நிமிடம்?”

“முழுக்க.”

எழுத்தர் தன் திரையில் அந்த வீடியோவின் எழுத்துவடிவைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார். “இதுல அவர் பேசவே இல்லையேம்மா. ‘பேச்சு: கணக்கு வைத்திருப்பவர் மட்டும்’னு இருக்கு.”

“அன்னிக்கு அவருக்கு உடம்பு சரியில்ல. பேசல. மூச்சு விடறது கேக்கும்.”

“அப்ப மௌனம் பொருத்தறது?”

“பொருத்திடுவாங்க. ஆய்வாளர் குறிச்சு வச்சிருக்காரு. அவரோட சத்தம்னு.”

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். ‘என்ன சொன்னார்’ என்ற இடத்தில் மூச்சு என்று எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

“மூச்சு விடறது எப்படிம்மா மனசைப் புண்படுத்தும்?”

“அப்புறம் விடலையே” என்றாள் கறையக்கா.

படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன: சிறியது, நடுத்தரம், நிரந்தரம். எழுத்தர் சிறிது நேரம் யோசித்து, நடுத்தரத்தில் குறியிட்டார்.

“நடுத்தரமாய்யா?” என்றாள் பக்கத்து மேசையிலிருந்து நாத்தனார்.

எழுத்தர் அதை அடித்தார். நிரந்தரத்தில் குறியிட்டார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், திருத்தம் மனுதாரர் சம்மதத்துடன் செய்யப்பட்டது என்று கறையக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.